நிறம் தேயிலையில் இல்லை

கேள்வி: பாங்காக் தெருக்களில் விற்கும் ஆரஞ்சு நிற ஐஸ் டீயை வீட்டில் போட ஆசை. அதற்கான டீத்தூள் எங்கே கிடைக்கும்? நம் டீத்தூளில் போட்டுப் பார்த்தால் அந்த நிறமும் வரவில்லை, ருசியும் வரவில்லை. – ஒரு வாசகி, கோவை

பதில்: நிறம், ருசி இரண்டையும் நீங்கள் ஒரே மூச்சில் கேட்பதுதான் சிக்கல். தாய்லாந்தில் இதற்குப் பெயர் ‘சா யென்’. குளிர்ந்த டீ என்று பொருள், அவ்வளவுதான். பெயரில் ஆரஞ்சு கிடையாது. அங்கே கடைக்குக் கடை புழங்கும் ‘சா த்ரா மூ’ போன்ற பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்தால் கறுப்புத் தேயிலையோடு செயற்கை மணமும், ‘சன்செட் யெல்லோ’ என்ற சாயமும் (எண் 110) இருப்பது தெரியும். அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை ஈரமான வெள்ளைத் தாளில் தூவிப் பாருங்கள். பச்சைத் தண்ணீரிலேயே ஆரஞ்சுத் திட்டுகள் படரும். சாயம் ஏற்றாத டீத்தூள் அப்படி உடனே கறை விடாது. நம் ஊரில் கலப்பட டீத்தூளைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் சோதனையும் இதேதான். டீத்தூளில் சாயம் சேர்க்க இந்திய உணவு விதிகளில் இடமில்லை. ஆகவே இறக்குமதிக் கடையிலோ இணையத்திலோ அந்த பாக்கெட் கிடைத்தாலும், நீங்கள் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் சாயத்துக்கும் வனிலா வாசனைக்கும்தான்.

அப்படியானால் அந்தச் சாயம் விஷமா என்று கேட்பீர்கள். இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் வரை தினமும் உட்கொள்ளலாம் என்பது சர்வதேச நிபுணர் குழுவின் வரம்பு. நம் நாட்டிலேயே இனிப்புகளில் இதை அளவோடு அனுமதிக்கிறார்கள். அதே சமயம், இது சேர்ந்த உணவு குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வாசகம் 2010 முதல் ஐரோப்பாவில் கட்டாயம். என் வாதம் பயத்தின் மேல் நிற்கவில்லை. சாயத்துக்கு ருசி இல்லை, அதனால் அதைத் தேடி அலைய வேண்டாம் என்கிறேன்.

ருசி வருவது வேறு இடத்திலிருந்து. நாம் பாலோடு தூளைக் கொதிக்கவிடுகிறோம்; அவர்கள் அப்படிச் செய்வதில்லை. வளையத்தில் கட்டிய நீளமான துணிப் பையில் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, திரும்பத் திரும்ப அதன் வழியே வடிக்கிறார்கள். நம் பழைய டீக்கடைத் துணி வடிகட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கரைந்து நீர்த்துப்போகும் என்பதால் டிகாஷன் வாயில் வைக்க முடியாத அளவுக்குத் திக்காக இருக்க வேண்டும். உங்கள் முயற்சி சப்பென்று போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். ஒரு பெரிய டம்ளருக்கு இரண்டு மேஜைக்கரண்டி தூள், 200 மில்லி கொதிநீர், மூடி வைத்து ஐந்து நிமிடம். வடக்குத் தாய்லாந்து மலைகளில் அசாம் வகைத் தேயிலை பரவலாக விளைகிறது. எனவே நீலகிரித் தூளை விட அசாம் சி.டி.சி. தூளே பொருத்தம். சூடாக இருக்கும்போதே இரண்டு மேஜைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க், கொஞ்சம் சர்க்கரை, இரண்டு சொட்டு வனிலா. டம்ளர் விளிம்புவரை ஐஸ் நிரப்பி அதன் மேல் ஊற்றுங்கள். கடைசியில் அவர்கள் மேலே விடுவது எவாபரேட்டட் மில்க். அது பாலில் ஏறக்குறைய 60 சதவீத நீரை வற்றவைத்தது, அதாவது நம் சுண்டக் காய்ச்சிய பால்தான். அரை லிட்டரை 200 மில்லியாகச் சுண்டவைத்து, ஏடு எடுத்து, ஆறவிட்டால் போதும். ஐஸின் இடுக்கில் அது வெள்ளைக் கோடுகளாக இறங்கும்.

அன்னாசிப்பூ, ஏலம், புளியங்கொட்டை எல்லாம் போடச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். தெருக்கடை ருசிக்கு அவை தேவையில்லை. போட்டால் அது நம் மசாலா டீயின் பக்கம் சாய்ந்துவிடும். “நிறம் இல்லாவிட்டால் விருந்தாளிக்கு சா யென் மாதிரியே தோன்றாதே” என்றால், அது நியாயமான ஆட்சேபம்தான். கண்ணும் சேர்ந்துதான் குடிக்கிறது. அப்படி வேண்டும் என்றால் அந்த பாக்கெட்டையே வாங்கி, பாதிக்குப் பாதி நம் தூளோடு கலந்து போடுங்கள். சாயம் பாதியாகும், தேயிலையின் கெட்டித்தன்மையும் கூடும். மிஞ்சிய டிகாஷனைக் கொட்டிவிடாதீர்கள்: எலுமிச்சையும் சர்க்கரையும் ஐஸும் சேர்த்தால் அங்கே விற்கும் ‘சா மனாவ்’ தயார். அதில் மட்டும் பாலைத் தொடக்கூடாது, திரிந்துவிடும்.