இம்ப்ளான்ட் வைக்குமுன் காலண்டரைப் பாருங்கள்

முன்பல் போனால் மறுநாளே டாக்டரிடம் ஓடுகிறோம். கடைவாய்ப்பல் போனால் நாலைந்து வருஷம் தள்ளிப் போடுகிறோம். முன்னவர் அவசரத்தில் பணத்தைக் கட்டிவிடுகிறார். பின்னவர் போய் நிற்கும்போது தாடை எலும்பு கரைந்திருக்கிறது. பல் எடுத்த இடத்தில் எலும்பு முதல் வருஷத்தில்தான் வேகமாகத் தேயும். இன்றே வைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வைப்பதா வேண்டாமா என்ற முடிவு சில மாதங்களுக்குள் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த முடிவில் பாதி, லீவையும் சம்பளத்தையும் பொறுத்தது.

முதலில், பக்கத்துப் பற்களைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏற்கெனவே ரூட் கெனால் செய்து கேப் போட்ட பற்கள் என்றால், மூன்றையும் சேர்த்து ஒரு பிரிட்ஜ் போடுவது நியாயமான வழி. இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். பக்கத்துப் பற்கள் பழுதில்லாமல் இருந்தால், ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களை ராவுவதற்கு என் மனம் ஒப்பாது. அங்கேதான் இம்ப்ளான்ட் தன் விலைக்கு மதிப்புக் காட்டுகிறது.

ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்று கண்டறிந்தவர் சுவீடனின் பிரோனமார்க். 1965-இல் அவர் கோஸ்டா லார்சன் என்பவருக்கு வைத்த இம்ப்ளான்ட், 2006-இல் லார்சன் இறக்கும்வரை உழைத்தது. அந்த ஒட்டுதலுக்குத்தான் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் நாலு முதல் ஆறு மாதம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். பிறகுதான் மேலே கேப். இடமாற்றம் வரப்போகிறது, நோட்டீஸ் பீரியட் ஓடுகிறது என்றால் இப்போது தொடங்காதீர்கள். தொடங்கிய டாக்டரே முடிப்பதுதான் நல்லது.

இம்ப்ளான்டின் ஸ்க்ரூவை எலும்பில் பதிக்கும் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஆகவே வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டால், மேசை வேலைக்காரர் திங்களோ செவ்வாயோ திரும்பிவிடலாம். எலும்பு போதாமல் எலும்புத்தூள் வைத்தாலோ, மேல்தாடையில் சைனஸை உயர்த்தினாலோ கணக்கு மாறும். சைனஸ் வேலை முடிந்த கையோடு விமானம் ஏற முடியாது. மூக்கைப் பலமாகச் சிந்தவும் கூடாது. ஆன்சைட் பயணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாள் முழுக்கப் பேசிப் பிழைப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர்கள் தீபாவளிக்கு முந்தைய மாதத்தைத் தொடவே வேண்டாம். நாதஸ்வரக்காரர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை உதடு கவ்வும்போது அதற்குப் பின்னால் தாங்கி நிற்பவை முன்பற்கள். அங்கே புதிதாகப் பதித்த ஸ்க்ரூவும், கழற்றி மாட்டும் தற்காலிகப் பல்லும் இருந்தால் பிடி மாறும், காற்று கசியும். கல்யாண முகூர்த்தம் இல்லாத ஆடியில் தொடங்கலாம். வாத்தியத்தை டாக்டரிடமே கொண்டுபோய், சீவாளி உதட்டில் எங்கே உட்காருகிறது என்று வாசித்துக் காட்டுங்கள். கேப்பின் நீளத்தை அவர் தீர்மானிக்க அதுதான் உதவும். மறுபடி எப்போது வாசிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இனி பணம். சென்னையில் ஒரு பல்லுக்கு 25,000 முதல் 60,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். சொல்லும் தொகையில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள்: ஸ்கேன், ஸ்க்ரூ, நடுவில் வரும் இணைப்பு, கேப், தேவைப்பட்டால் எலும்புத்தூள். விளம்பரத்தில் வரும் மலிவான தொகை பல சமயம் ஸ்க்ரூவுக்கு மட்டும்தான். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ், விபத்தில் பல் போனாலொழிய, பெரும்பாலும் இதற்குப் பணம் தராது. ஓபிடி பலன் தனியாக இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள். கையில் பணம் போதாவிட்டால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். வட்டியில்லா இஎம்ஐ என்று ஆசை காட்டினாலும், வேலை போனால் தவணை போகாது என்பதை மறக்காதீர்கள்.

உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7-ஐ ஒட்டி இருந்தால் தயங்காமல் போகலாம். 8-ஐத் தாண்டினால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். டீ பிரேக்கில் சிகரெட் பிடிப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் ஒட்டாமல் போகும் அபாயம் கூடுதல். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ வார மாத்திரையோ எடுத்தவர்கள் அதை மறைக்கவே கூடாது. தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இரவில் மாட்ட ஒரு காப்புத் தட்டு வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்க்ரூவின் கம்பெனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதைப் படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேலை பார்க்கும்போது கேப் தளர்ந்தால், அங்கிருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அந்த விவரத்தைத்தான்.