பர்ரோவின் சம்பளமும் பக்கத்தில் நிற்பவர்களும்

அன்புள்ள மருமகனுக்கு,

கடிதம் முழுக்கக் கோபமாக எழுதியிருக்கிறாய். 2024 அமெரிக்கக் கால்பந்து சீசனில் ஜோ பர்ரோ 4,918 யார்டு எறிந்தார், 43 டச்டவுன் கொடுத்தார். இரண்டிலும் லீகிலேயே முதலிடம். அப்படியும் சின்சினாட்டி பெங்கால்ஸ் 9 வெற்றி, 8 தோல்வியோடு பிளேஆஃப் வாசலிலேயே நின்றுவிட்டது. "ஒரே ஆளுக்கு ஐந்து வருடத்துக்கு 27.5 கோடி டாலர் கொடுத்தது தண்டம்தானே மாமா?" என்கிறாய். தண்டம் இல்லை. அந்த ஆண்டு பெங்கால்ஸ் 33, 38, 34, 38 என்று புள்ளிகள் எடுத்த நான்கு ஆட்டங்களில் தோற்றது. இத்தனை புள்ளி எடுத்துக் கொடுத்தவர் வேறு என்னதான் செய்ய முடியும்? ஓட்டை தடுப்பாட்டத்தில் இருந்தது. சீசன் முடிந்ததும் தடுப்புப் பயிற்சியாளர் லூ அனருமோவை வீட்டுக்கு அனுப்பினார்கள். தடுப்பாட்டம் ஏன் அப்படி ஆனது என்று தேடப்போனால் திரும்பவும் சம்பளக் கணக்கில்தான் வந்து நிற்போம். அதனால் அந்தக் கணக்கையே சொல்கிறேன்.

இந்த லீகான என்.எஃப்.எல்-இன் 32 அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 1994-இல் தொடங்கியபோது 3.46 கோடி டாலர், 2024-இல் 25.54 கோடி. அதற்குள் 53 பேருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் வரம்பு வரம்புதான். ஐ.பி.எல். ஏலம் உனக்கு அத்துப்படி. 2025-க்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். அதில் லக்னோ 27 கோடியை ரிஷப் பந்த் ஒருவருக்கே கொடுத்துவிட்டு ஏழாவது இடத்தில் முடித்தது. என்.எஃப்.எல்-இலும் அதே இழுபறிதான். ஆனால் இங்கே இரண்டு விஷயம் கூடுதல்: திறமையைச் சட்டப்படியே மலிவாக வாங்க ஒரு வழி உண்டு, இன்றைய செலவை நாளைய கணக்கில் எழுதவும் ஒரு வழி உண்டு. கோப்பை வாங்குகிற அணிகள் இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருக்கின்றன.

மலிவு வழிக்குப் பெயர் டிராஃப்ட். கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் வரிசை போட்டு எடுக்கும். முன்பு இதுவும் மலிவாக இல்லை. 2010-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 5 கோடி உத்தரவாதம். 2011-இல் தொழிற்சங்கத்தோடு போட்ட புது ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டது. அந்த ஆண்டு முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். மூன்று சீசன் முடியும்வரை சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவும் முடியாது. விளையாட்டு உலகில் இதைவிட அநியாயமான சட்டம் அதிகம் இருக்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் இதை முதலில் சரியாகப் பயன்படுத்திக்கொண்ட அணி கோப்பையோடு வீட்டுக்குப் போனது.

அந்த அணி சியாட்டில் சீஹாக்ஸ். 2012 டிராஃப்டில் 75-ஆவது ஆளாக, உயரம் போதாது என்று பலர் ஒதுக்கிய, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனை எடுத்தார்கள். 2013-இல் உச்சவரம்பு 12.3 கோடி டாலர். அதில் வில்சன் கணக்கு ஏழு லட்சம்கூட இல்லை. மற்ற அணிகள் குவார்ட்டர்பேக்குக்குக் கொட்டிக்கொண்டிருந்த பணம் இவர்களிடம் கையிருப்பாக நின்றது. அதை வைத்து எதிரணிக் குவார்ட்டர்பேக்கை விரட்டுவதற்கென்றே கிளிஃப் ஏவ்ரில், மைக்கேல் பென்னட் இருவரையும் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். 2014 பிப்ரவரியில், கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் எதிரே நின்ற குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங். அந்தச் சீசனில் அவரை நிறுத்த ஆளே இல்லை. இரண்டாவது கால் பகுதியில் மேனிங் பந்தை எறியக் கை ஓங்குகிறார். ஏவ்ரில் பாய்ந்து கையைத் தட்டிவிடுகிறார். பந்து அந்தரத்தில் தள்ளாடி மால்கம் ஸ்மித் கையில் விழுகிறது. 69 யார்டு ஓடி டச்டவுன். ஏவ்ரில், மிச்சம் பிடித்த காசில் வந்தவர். ஸ்மித், டிராஃப்டின் கடைசிச் சுற்றான ஏழாவது சுற்றில் எடுத்தவர். அன்றைய ஆட்ட நாயகனும் அவரே. 43-8 என்று மேட்ச் முடிந்தது. வில்சன் நன்றாகவே ஆடினார். ஆனால் அன்று கோப்பையை வாங்கித் தந்தது வில்சனுக்குக் கொடுக்காமல் மிஞ்சிய பணம். 2015-இல் அவருக்கு நான்கு ஆண்டுக்கு 8.76 கோடி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சியாட்டில் அவரோடு சூப்பர் பௌலுக்குப் போகவே இல்லை.

இதைப் படித்துவிட்டு, மலிவான குவார்ட்டர்பேக் இருந்தால்தான் கோப்பை என்று முடிவு கட்டிவிடாதே. அப்படிச் சொன்னவர்களுக்கு ஒரு நல்ல ஆதாரம் இருந்தது: வரம்பு வந்த முதல் ஆண்டான 1994-இல் ஸ்டீவ் யங் அணியின் வரம்பில் 13 சதவீதத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு ஜெயித்தார்; அந்த அளவைத் தாண்டி வாங்கிய எந்தக் குவார்ட்டர்பேக்கும் பிறகு நெடுங்காலம் கோப்பையைத் தொடவில்லை. அதை உடைத்தவர் கான்ஸஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ். 2020-இல் பத்து ஆண்டுக்கு 45 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2022-இல் அவர் பங்கு மட்டும் 17 சதவீதம்.

சீஃப்ஸ் என்ன செய்தது தெரியுமா? அந்த ஆண்டு மார்ச்சில், மஹோம்ஸ் எறிவதைப் பிடிக்கும் மிக வேகமான ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்கு அனுப்பிவிட்டு ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. மயாமி ஹில்லுக்கு நான்கு ஆண்டுக்கு 12 கோடி கொடுத்தது. சீஃப்ஸ் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வாய்ப்புகளைக் கைமாற்றித்தான் டிரென்ட் மெக்டஃபி, ஸ்கை மோர் போன்ற புதுமுகங்கள் வந்தார்கள். ஏழாவது சுற்றில் ஐசையா பச்சேகோ கிடைத்தார். 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியாவை 38-35 என்று வென்றபோது பச்சேகோவும் மோரும் ஆளுக்கு ஒரு டச்டவுன் போட்டார்கள். பெரிய சம்பளம் ஒன்றுதான் இருக்கலாம், அது குவார்ட்டர்பேக்குக்கு. அடுத்த பெரிய சம்பளம் வரும்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டு விற்றுவிட வேண்டும். ஹில் விஷயத்தில் சீஃப்ஸ் எடுத்த முடிவு அதுதான். இன்னொரு குவார்ட்டர்பேக் டாம் பிரேடி வேறு வகை. சந்தை விலைக்குக் குறைவாகவே வாங்கிக்கொண்டு மிச்சத்தை அணிக்கு விட்டவர். வீட்டில் அவருடைய அப்போதைய மனைவி ஜிஸேல் பூண்ட்சன் அவரைவிட அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எல்லாரிடமும் இதை எதிர்பார்க்கக் கூடாது.

இனி இரண்டாவது வழி. ஒருவருக்கு ஒப்பந்தம் போட்டவுடன் 10 கோடி போனஸ் கொடுக்கிறாய் என்று வைத்துக்கொள். பணம் உடனே அவர் வங்கிக்குப் போய்விடும். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஐந்து ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 2 கோடியாக எழுதலாம். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதில் கைதேர்ந்தது. ஜேலன் ஹர்ட்ஸுக்கு 2023-இல் ஐந்து ஆண்டுக்கு 25.5 கோடி. ஆனால் 2024 கணக்கில் அவர் பங்கு சுமார் 5 சதவீதம்தான். மிச்சமான இடத்தில் சேக்வான் பார்க்லி வந்தார். அந்தச் சீசனில் 2,005 யார்டு ஓடினார். 2025 பிப்ரவரியில் மஹோம்ஸை ஆறு முறை தரையில் சாய்த்து, 40-22 என்று ஈகிள்ஸ் கோப்பையை வாங்கியது. உச்சவரம்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதால், தள்ளிப்போட்ட கடன் நாளைக்குச் சிறிதாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

ஆளைப் பாதியில் நீக்கினால்தான் குட்டு வெளிப்படும். எழுதாமல் விட்ட போனஸ் எல்லாம் ஓரிரு ஆண்டுக்குள் தலையில் இறங்கும். சியாட்டிலை விட்டு 2022-இல் டென்வருக்குப் போன அதே வில்சனுக்கு அங்கே ஐந்து ஆண்டுக்கு 24 கோடிக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே சீசனில் கழற்றிவிட்டார்கள். அணியில் இல்லாத ஆளுக்காக டென்வர் சுமந்தது இரண்டு ஆண்டில் 8.5 கோடி டாலர். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுமையோடேயே 2024-இல் போ நிக்ஸ் என்ற புதுமுகத்தை வைத்து டென்வர் பிளேஆஃபுக்குப் போய்விட்டது. புதுமுகச் சம்பளம்தான் கைகொடுத்தது.

இப்போது உன் பெங்கால்ஸுக்கு வருவோம். 2025 மார்ச்சில் அவர்கள் தங்கள் ரிசீவர்களான ஜமார் சேஸுக்கு நான்கு ஆண்டுக்கு 16.1 கோடி, டீ ஹிகின்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 11.5 கோடி என்று எழுதிக் கொடுத்தார்கள். ஹிகின்ஸ் வேண்டும் என்று பர்ரோவே வெளிப்படையாகக் கேட்டார். எறிபவருக்கும் பிடிக்கிற இருவருக்கும் பெரிய சம்பளம் என்றால், தடுப்பாட்டத்தை டிராஃப்டில் வரும் பையன்களை நம்பித்தான் கட்ட வேண்டும். பெங்கால்ஸ் சில ஆண்டுகளாகச் சறுக்குவதே அந்த இடத்தில்தான். போதாக்குறைக்கு 2025-இன் இரண்டாவது ஆட்டத்திலேயே பர்ரோவுக்குக் கால்விரலில் அடி. அந்த அணியில் முடிவெடுக்கும் நாற்காலியில் நான் இருந்திருந்தால் சேஸை வைத்துக்கொண்டு ஹிகின்ஸை விற்றிருப்பேன். பர்ரோவிடம் நாலு திட்டும் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ இருந்தால் யாரை விடுவாய், அந்தப் பணத்தில் யாரை எடுப்பாய்? அடுத்த கடிதத்தில் பெயரோடு எழுது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா