கவனிக்காத ஒலியின் மாற்றம் புலப்படுவது எப்படி?

கேள்வி: மின்விசிறியின் சீரான சத்தம் காதில் விழுவதாகவே தோன்றுவதில்லை, ஆனால் அது சற்று மாறினாலும் கவனம் உடனே அங்கே திரும்புவது ஏன்?

பதில்: சற்றுமுன் கேட்ட ஒலிகளின் சுவட்டை மூளை சில நொடிகள் காத்து வைத்து, அடுத்து வரும் ஒவ்வோர் ஒலியையும் அதனோடு ஒப்பிடுகிறது. செவிப்புலன் நினைவு எனப்படும் இச்சேமிப்பு, கேட்பவர் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் இயங்கிக்கொண்டே இருக்கும். பின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நாத்தானென் தம் சகாக்களுடன் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கான மின்தடயத்தைக் காட்டியது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும் வரிசையில் அரிதாக வேறோர் ஒலி குறுக்கிட்டால், ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிநொடிக்குள், தலையில் பொருத்திய மின்முனைகளில் எதிர்மின் திசையில் சிற்றலை ஒன்று பதிவாகிறது. ஒலிகளைப் பொருட்படுத்தாமல் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பவரிடமும் பொருந்தாமை அலை எனத்தக்க இது எழுகிறது.

பழகிய ஒலியால் சில நரம்பணுக்கள் துலக்கம் குன்றியிருக்க, புதிய ஒலி ஓய்ந்திருந்த அணுக்களைத் தூண்டுவதே இந்த அலை என்ற மறுப்பு எழுந்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு; ஆயினும் அது முழு விளக்கமாகாது. ஒலி உரக்காமல் தணிந்தாலும், விரைவான வரிசையில் வரவேண்டிய ஒலி வராமலே போனாலும்கூட அலை எழுகிறது. தூண்டுவதற்கு ஒலியே இல்லாத இடத்தில் அணுக்களின் ஓய்வைக் காரணமாகக் காட்ட இயலாது. இன்னும் வியப்பளிப்பது, சுருதி ஒவ்வொரு முறையும் வேறாக இருக்க, இணையிணையாக வரும் ஒலிகளில் இரண்டாவது எப்போதும் ஏறுவரிசையிலேயே அமைந்து, ஒருமுறை மட்டும் இறங்கும்போதும் மூளை அதைக் கண்டுகொள்வதாகும். ஆகவே நினைவில் தங்குவது ஒலியின் பிரதி மட்டுமன்று, அவ்வரிசையின் விதியும், அதிலிருந்து பிறக்கும் எதிர்பார்ப்புமே எனக் கொள்வது பொருந்தும்.

நீண்டகால மொழிப் பழக்கமும் இதில் படிந்துள்ளது. எஸ்தோனிய மொழியில் உள்ள ஓர் உயிரொலி, அதை அறியாத பின்லாந்தியரிடம் எதிர்பார்த்ததைவிடச் சிறிய அலையையே எழுப்பியதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கவனத்தை வேண்டாமல் எழும் அலையின் இப்பண்பே மருத்துவத்தில் பெரிதும் பயன்படுகிறது. கோமாவில் உள்ளவரிடம் இவ்வலை தென்பட்டால் அவர் விழித்தெழும் வாய்ப்பு மிகுதி. ஆனால் அது தென்படாதவர்களிலும் பலர் மீண்டிருப்பதால், அலையின் இன்மையை மட்டும் கொண்டு நம்பிக்கையைக் கைவிடுவது முறையன்று.