சிங்க்கில் போன நாலு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் பெப்டைடைப் பாக்டீரியா தின்னவில்லை. தின்றுவிட்டது என்றுதான் கைடு சொன்னார்; இரண்டு அறிக்கைகளில் நானும் அப்படியே எழுதினேன். உண்மையில் தினமும் காலையில் வந்ததும் வராததுமாக அதைச் சிங்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்தான்.

எங்கள் குத்துக்கல்வலசையில் சாரல் நாட்களில் தவளைச் சத்தம் இல்லாத ராத்திரி கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளை ஒன்றின் தோலில், எச்1 வகை ஃப்ளூ வைரஸைச் சிதைக்கும் 27 அமினோ அமிலப் பெப்டைடு இருப்பதைத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தினரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினரும் 2017-ல் வெளியிட்டார்கள். உருமி வாளின் நினைவாக அதற்கு உருமின் என்று பெயர். அதைப் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். கையில் கிடைத்தது தவளை அல்ல. நம் உடம்பிலேயே இருக்கும் எல்எல்-37 என்ற பெப்டைடு.

இதை ஈ.கோலையில் செய்வதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்டீரியாவைக் கொல்லும் பொருளைப் பாக்டீரியாவே செய்து தர வேண்டும். அதனால் வாளை உறையோடு செய்யச் சொல்கிறோம். உறை என்பது சுமோ என்ற புரதம். அதன் முனையில் நிக்கலில் ஒட்டும் ஆறு ஹிஸ்டிடின். பிஎல்21 செல், ஐபிடிஜி, சோனிகேட்டர், நிக்கல் பிசின், இமிடசோல் எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். அதில் என் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் வீணாக்கவில்லை. யுஎல்பி1 நொதி உறையைக் கழற்றினால் ஒரு எழுத்துகூட ஒட்டாமல் பெப்டைடு தனியாக வரும். மலிவான வேறு உறைகளும் வெட்டிகளும் இருக்க நான் சுமோவைத்தான் பிடித்தேன் என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தத் தேர்வில் தப்பே இல்லை.

தப்பு இமிடசோலை எடுக்கும் இடத்தில் நடந்தது. அது போனால்தான் இரண்டாம் முறை நிக்கலில் ஊற்றும்போது சுமோ ஒட்டிக்கொண்டு பெப்டைடு வெளியே வரும். சாயங்காலம் தென்காசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். உங்களுக்கும் அப்படித்தானே? ஆகவே டயாலிசிஸ் பைக்குள்ளேயே நொதியையும் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு வேலையும் முடியட்டும் என்று கிளம்பிவிடுவேன். சீனியர் டிராயரில் இருந்த குழல், பெயரில்லாத ரோல். துளை 12-14 கிலோ டால்டன். உறையோடு இருக்கையில் என் புரதம் சுமார் 18. அது பைக்குள் நிற்கும். கழன்ற எல்எல்-37 வெறும் 4.5. உள்ளே 10 மில்லி, வெளியே 2 லிட்டர் பஃபர். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் பைக்குள் மிஞ்சுவது இருநூறில் ஒரு பங்கு. காலையில் பஃபர் சிங்க்குக்குப் போகும்.

பைக்குள் இருந்ததைச் சாதாரண ஜெல்லில் ஓட்டினால் சுமோ மட்டும் கொழுகொழுவென்று தெரியும். இருந்திருந்தாலும் அந்த ஜெல்லில் இவ்வளவு சிறியது சாயத்தோடு சாயமாக ஓடிப்போகும். இதற்கென்றே டிரைசின் ஜெல் 1987-லிருந்து இருக்கிறது. கேட்டபோது, "முதல்ல புரதத்தைக் காட்டும்மா, அப்புறம் டிரைசின் வாங்கலாம்" என்றார்கள். ஆனால் கோடானை மாற்றி ஜீனை மறுபடி ஆர்டர் செய்ய மட்டும் பணம் இருந்தது. அதுவும் வந்தது, அதையும் ஊற்றினேன்.

ஒருநாள் வீட்டில் அம்மா அரிசி சலித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, குருணைய மிதிச்சிராத, கஞ்சிக்கு வேணும்" என்றாள். கீழே பார்த்தேன். அன்று ஒரு பஸ் முன்னதாகவே கிளம்பினேன்.

அந்த 2 லிட்டரை ஊற்றாமல் சி18 பிசினில் பிடித்து, நிறை அளக்க வெளியூருக்கு அனுப்பினேன். 4,493 டால்டன். எல்எல்-37-க்கு இருக்க வேண்டிய நிறை அதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முதலில் உறையோடு டயாலிசிஸ், பையிலிருந்து வெளியே எடுத்தபின் சாதாரணக் குழாயில் நொதி. கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. குழல் 6-8 ஆக இருந்தால் இன்னும் நல்லது, 18-க்கும் 12-க்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. வந்த பெப்டைடைப் பாலிஸ்டைரீன் குழாயில் வைக்காதீர்கள், சுவரில் ஒட்டிக்கொள்ளும், பாலிப்ரொப்பிலீனில் வையுங்கள்.

அந்த ரோல் இன்னும் அதே டிராயரில்தான் இருக்கிறது. '12-14' என்று மார்க்கரில் எழுதி வைத்தேன். யாரோ துடைத்திருந்தார்கள். போன வாரம் மறுபடியும் எழுதினேன்.