மாம்பூவும் மாறிவரும் பருவமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் விக்ரோலிக் கடைத்தெருவில் வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் மாம்பழங்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மராத்தியர் ‘ஆப்பூஸ்’ என்றும் பிறர் ‘அல்போன்சா’ என்றும் அழைக்கும் அப்பழம், கொங்கணக் கடற்கரையின் சிறப்பு விளைபொருளாகும். இரத்தினகிரி, சிந்துதுர்க், ராய்கட், தாணே, பால்கர் ஆகிய மாவட்டங்களில் விளையும் அல்போன்சாவுக்கு 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ஒரு பயிர் ஒரு நிலப்பகுதிக்கு உரியதாவதற்கு மண்ணோடு பருவமும் காரணமாகும். கொங்கணத்தில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. மழை ஓய்ந்து, நிலம் உலர்ந்து, இரவில் குளிர் பரவத் தொடங்கியதும் மாமரம் பூக்கிறது. பூத்த ஏறத்தாழ நான்கு மாதங்களில் காய் முற்றுகிறது.

இவ்வொழுங்கு இப்போது குலைந்து வருகிறது. மழை நீடித்தால் மரம் பூப்பதை விடுத்துப் புதுத்தளிர் விடுகிறது. பூக்கும் காலத்தில் பருவம் தவறிய மழையும் மேகமூட்டமும் நேர்ந்தால், நோய்களும் தத்துப்பூச்சிகளும் பூங்கொத்துகளைத் தாக்குகின்றன. பிஞ்சு பிடித்தபின் குளிர் மீண்டும் கூடினால் மரம் மறுமுறை பூக்கிறது. சத்து புதுப்பூக்களுக்குச் செல்வதால் பிஞ்சுகள் உதிர்கின்றன. காய் முற்றும்போது வெப்பம் மிகுந்தால், பொன்னிறமாகப் பழுத்த பழத்தின் உட்சதை வெளிறிப் பஞ்சுபோல் ஆகிவிடுகிறது. அறுத்துப் பார்க்கும்வரை அக்குறை தெரிவதில்லை.

அரபிக்கடலின் நீர் வெப்பமடைந்து வருவதால் அங்குக் கடும்புயல்களும் பெருகியுள்ளன. 2020ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் ‘நிசர்கா’ புயல் ராய்கட் மாவட்டத்தில் கரையைக் கடந்தபோது தோப்புகளில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மறு ஆண்டு மே மாதத்தில் ‘டவ்தே’ புயல் அறுவடைக்குக் காத்திருந்த காய்களை உதிர்த்தது. நெல் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். மாமரம் சாய்ந்தாலோ, அதற்கு ஈடாக நட்ட ஒட்டுக்கன்று நிறைந்த விளைச்சல் தரப் பல ஆண்டுகள் ஆகும். மருந்து தெளிப்புக்கும் கூலிக்கும் ஆண்டு முழுவதும் செலவிடும் உழவர்க்கு வருவாய் தருவது அந்த ஓர் அறுவடையே.

இச்சிக்கலுக்குத் தீர்வு காணும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. மரத்தடியில் காய்ந்த இலைகளையும் வைக்கோலையும் மூடாக்காகப் பரப்பினால், நிலத்திலிருந்து எழும் வெப்பம் குறைந்து உட்சதைக் கேடும் குறைகிறது. தாப்போலியில் அமைந்துள்ள கொங்கண் வேளாண் பல்கலைக்கழகத்தின் வெங்குர்லா ஆய்வு நிலையம், 1981ஆம் ஆண்டில் ‘ரத்னா’ என்னும் புதிய வகையை வெளியிட்டது. தமிழ்நாட்டில் பெரிதும் பயிரிடப்படும் நீலம் மாவையும் அல்போன்சாவையும் கலந்து உருவாக்கப்பட்ட இவ்வகையில் உட்சதைக் கேடு இல்லை. எனினும், ரத்னா வேறு; அல்போன்சா வேறு. பழைய மணத்தையும் சுவையையும் நாடுவோர் அல்போன்சாவையே கேட்கின்றனர்.

புவிசார் குறியீட்டால் அல்போன்சாவின் பெயர் கொங்கண மண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளது. பருவத்தை அவ்வாறு பிணைத்து வைக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் வளிகளே புவியை வெப்பமாக்குகின்றன. அவற்றைப் பெரிதும் எரிப்பவை ஆலைகளும் நகரங்களும் ஆகும்; இழப்பை முதலில் தாங்குபவரோ தோப்பில் நிற்கும் உழவர். ஆகவே, எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது நகரத்தார் உழவர்க்குச் செய்யவேண்டிய கடமையாகும்.

சொல்லும் பொருளும்

குலைதல் – ஒழுங்கு கெடுதல்
மூடாக்கு – நிலத்தை மூடப் பரப்பும் இலை, வைக்கோல் முதலியன
வளி – காற்று, வாயு

வினாக்கள்

1. மாமரம் பூப்பதற்கு ஏற்ற பருவநிலை யாது?
2. மறுமுறை பூப்பதால் பிஞ்சுகள் உதிர்வது ஏன்?
3. புயலால் நெல் உழவர்க்கும் மாந்தோப்பு உழவர்க்கும் நேரும் இழப்புகளை ஒப்பிட்டு எழுதுக.
4. ‘இழப்பை முதலில் தாங்குபவரோ தோப்பில் நிற்கும் உழவர்’ – இக்கூற்றைப் பாடப்பகுதிகொண்டு விளக்குக.

செயல்பாடு

உங்கள் சொந்த ஊரில் விளையும் ஒரு பயிரின் விதைப்புக் காலம், அறுவடைக் காலம் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு, அவை மாறியுள்ளனவா என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.