விடுப்புக் கணக்கும் கணிப்பொறியும்

ஓர் அலுவலகத்தில் யார் எத்தனை நாள் விடுப்பு எடுத்தார், இன்னும் எத்தனை நாள் மீதமுள்ளது என்பதை முன்பு தடித்த பதிவேட்டில் எழுதி வைத்தனர். இன்று பல இடங்களில் கணிப்பொறியின் தரவுத்தளம் அதைச் செய்கிறது. அது தவறாகக் கணக்கிட்டால், உரிய விடுப்பை எடுத்தவருக்கும் சம்பளத்தில் பிடித்தம் நேரும். எனவே அதைத் திருத்தும் முறையை அறிவது பயனுடையது.

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுப்பு. தொடர்புடைய அட்டவணைகளாகத் தகவலை அமைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்ற அறிஞர் 1970இல் வெளியிட்டார். விடுப்புக் கணக்கிற்கு மூன்று அட்டவணைகள் தேவை: பணியாளர்கள், விடுப்பு வகைகள், எடுத்த விடுப்புகள். மீதியைத் தனியே எழுதி வைக்கலாகாது. ஒரு விடுப்பு ரத்தானால் இரண்டு இடங்களில் திருத்த வேண்டிவரும். ஒன்றை மறந்தால் கணக்கு முரண்படும். கேட்கும்போதெல்லாம் நிரலே மீதியைக் கணக்கிட்டுச் சொல்வதே நன்று.

மைக்ரோசாப்ட் அக்சஸ் என்ற மென்பொருளில் நேரக்கூடிய மூன்று பிழைகளைக் காண்போம்.

1. நாள் எண்ணிக்கை: 3ஆம் தேதி முதல் 5ஆம் தேதி வரை விடுப்பு எனில், கழித்தால் 2 வரும், விரல்விட்டு எண்ணினால் 3! ஆகவே நிரலில் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

2. அரைநாள்: முழு எண்ணுக்கென அமைத்த கட்டத்தில் அரை நிற்காது. தசம எண்ணை ஏற்கும்படி அதை மாற்ற வேண்டும்.

3. தேதி: மார்ச் 5ஐ நிரலில் 05/03/2024 என எழுதினால், அமெரிக்க முறைப்படி மே 3 என்று அது கொள்ளும். 13/03/2024 எனில் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் சரியாகவே படிக்கும். சில தேதிகள் மட்டும் தவறுவதால் இப்பிழை எளிதில் கண்ணில் படாது. 2024-03-05 என ஆண்டை முதலில் எழுதினால் குழப்பமில்லை.

விதிகளும் மாறக்கூடியவை. நம் நாட்டில் முதல் இரு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பு 2017இல் 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. இத்தகைய எண்களை நிரலுக்குள் புதைக்காமல் விடுப்பு வகை அட்டவணையில், நடைமுறைக்கு வந்த தேதியுடன் வைத்தால், புதிய வரி ஒன்றைச் சேர்ப்பதே போதும். பழைய கணக்கும் மாறாது.

திருத்தும் முன் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். திருத்திய பின் ஒருவரது ஓராண்டுக் கணக்கைத் தாளில் போட்டு ஒப்பிட வேண்டும். கணிப்பொறி சொல்லிவிட்டது என்பதே சான்றாகாது. உழைப்பவரின் அரைநாளையும் விட்டுவிடாத கணக்கே நேர்மையான கணக்கு அன்றோ!

— பத்தாம் வகுப்பு மாணவி