அரைநிலாவில் ஒரு கணக்கு

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது என் தந்தையார் ஒரு கேள்வி கேட்டார். அவர் கொத்தனார், பள்ளிப் படியை மிதிக்காதவர். "பூமிதான் சூரியனைச் சுத்துதுன்னு சொல்றீங்களே, அதை எவன்டா கண்டு சொன்னான்?" பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு மாணவனாகிய நான், "புத்தகத்துல போட்டிருக்குப்பா" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் சொல்லக்கூடிய விடையா அது? வெட்கமாயிருந்தது.

கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடினேன். கோப்பர்னிக்கஸின் நூல் 1543-இல் வெளிவந்தது என்பது நாமெல்லாம் அறிந்ததே. அதற்கு ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைச் சொல்லிவிட்டார்! அவர் கிரேக்க நாட்டுச் சாமோஸ் தீவில் கி.மு. 310 வாக்கில் பிறந்த அரிஸ்டார்க்கஸ்.

அவர் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பது சூரிய சந்திரர்களின் பருமனையும் தூரத்தையும் பற்றிய ஒரு சிறு நூல்தான். அதன் கருத்து மிக எளியது. நிலவு சரிபாதியாக ஒளிரும் வேளையில் பூமி, நிலவு, சூரியன் மூன்றையும் கோடுகளால் இணைத்தால், நிலவின் இடத்தில் செங்கோணம் அமையும். பூமியிலிருந்து பார்க்க நிலவுக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள கோணம் தெரிந்தால் போதும். முக்கோணத்தின் வடிவம் முழுவதும் தெரிந்துவிடும். அக்கோணத்தை அவர் 87 பாகை என்று கொண்டார். அதன்படி சூரியன் நிலவைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் உள்ளது என்றார். கோசைன் அட்டவணை இல்லாத காலத்தில், வெறும் வடிவகணிதத்தைக்கொண்டு இதை நிறுவினார். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே தேர்வில் தடுமாறுகிறவர்கள் நாம்!

விடை தவறு. உண்மையான கோணம் ஏறத்தாழ 89.85 பாகை; தூரம் ஏறத்தாழ 390 மடங்கு. ஆயினும், சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப்போல் 6 மடங்குக்கும் மேல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். உண்மையில் அது 109 மடங்கு. இவ்வளவு பெரியது சிறியதைச் சுற்றுமா என்ற ஐயமே அவரைச் சூரிய மையக் கொள்கைக்கு இட்டுச் சென்றிருக்கலாம். அக்கொள்கையை எழுதிய அவருடைய நூல் இன்று இல்லை. மன்னன் கெலோனுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதிய, மணலை எண்ணும் நூலில் உள்ள குறிப்பே நமக்குச் சான்று.

எதிர்த்தவர்களுள் கிளியாந்தீஸ் என்ற தத்துவ அறிஞர், தெய்வ நிந்தனைக்காக இவர்மேல் வழக்குத் தொடர வேண்டும் என்றாராம். அது கிடக்கட்டும். அறிவுசார்ந்த தடை ஒன்றும் இருந்தது. பூமி நகர்ந்தால், ஆண்டின் வெவ்வேறு காலங்களில் விண்மீன்கள் சற்றே இடம் மாறித் தோன்றவேண்டுமே? அவை அளவிட முடியாத தொலைவில் உள்ளன என்பதே அரிஸ்டார்க்கஸின் விடை. அந்த இடமாற்றத்தை பெசல் என்ற ஜெர்மானியர் 61 சிக்னி என்னும் விண்மீனில் அளந்து அறிவித்தது 1838-இல்! ஒரு பாகையை 3600 பங்காக்கினால், அதில் ஒரு பங்கைவிடவும் சிறியது அது.

அடுத்தமுறை ஊருக்குச் சென்றபோது தேய்பிறை அரைநிலா. விடியற்காலையில் தந்தையாரைத் தெருவுக்கு அழைத்து வந்து இதையெல்லாம் சொன்னேன். ஒரு கையை உதயசூரியன் பக்கமும் மறுகையை உச்சியிலிருந்த நிலாவுக்கும் நீட்டிப் பார்த்தார். "மூலைமட்டம் வச்ச மாதிரியில்ல இருக்கு" என்றார். அந்த அரிஸ்டார்க்கஸின் 87-ஐவிட அப்பாவின் கண்ணளவு உண்மைக்கு அருகில் இருந்தது! ஆனால் சரியாக 90 என்று கொண்டால் கணக்கில் சூரியன் முடிவிலாத் தொலைவுக்குப் போய்விடும். அதைச் சொன்னேன். அவர் கையை இறக்காமல், "அப்போ எத்தனை நூல் குறையுது?" என்று கேட்டார்.